இரண்டு பேர் கேட்டால்தான்

நான் சொல்லச் சொல்ல எங்கள் தட்டச்சுக்காரப் பெண் எழுதுகிறாள். மகனை வாசிக்கச் சொல்லிக் கேள். உன் முழங்கால் தேவலையா? நான் சுகம்.

நம் சின்னவன் மாடிப்படியில் உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்ட வருஷம்தான், நாங்கள் ஐந்து பேர் ஒரு வாடகை அறையில் இந்தத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினோம். இப்போது எழுபது பேர். யார் சொல்லி யார் கேட்பது என்றே தெரியவில்லை. அதைச் சீர்செய்ய ஓர் ஆலோசகர் அம்மாவை அமர்த்தியிருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். வாசல் காவல்காரனான எனக்குக் கட்டம் இல்லை. கவலைப்படாதே, நாற்காலி இருக்கிறது.

"உதவி கேட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பணும்னா அவங்க சொல்றதை ரெண்டு பேர் கேட்டுத்தான் அனுப்பணுமாமே, எதுக்கு? நேரம்தான் வீண்" என்றார் அந்த அம்மா நேற்று.

யாருக்கும் தெரியவில்லை. "பெரியவரைக் கேளுங்கம்மா. காலையில தின்னது மறந்துடும், முப்பது வருஷத்துக்கு முந்தி தின்னது மறக்காது" என்றார் சமையல்காரர்.

சொன்னேன். கொட்டும் மழையில் கைக்குழந்தையோடு வந்தவளை, நேரமாகிவிட்டதென்று ஒருவன் தனியாக முடிவெடுத்து அனுப்பிவிட்டான். விடிவதற்குள் குழந்தை போய்விட்டது. பிறகு வைத்த விதி அது.

"வெறும் கதையா இருந்தா அந்த விதியை எடுத்துடுவேன், பெரியவரே. அனுப்பினவரு உயிரோட இருக்காரா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். என் பழைய போர்வையை அனுப்பு, இங்கே குளிர். என்னோடு இதைத் தொடங்கிய டாக்டர், வக்கீல், டீச்சரக்கா, டிரைவர் நால்வரும் போய்ச் சேர்ந்தாயிற்று. தபால்காரர் நிற்கிறார். முதலில் உன்னிடம் சொல்கிறேன். அவளை அனுப்பியவன் நான்தான்.