கையைப் பிடித்திருந்தவளுக்கு

கிம்பால்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரோஸ்விக்கு,

உன் சித்தப்பா டோல்போ எழுதிக்கொள்வது. போனை நீ எடுப்பதில்லை, முகநூலையும் மூடிவிட்டாய். ஆகவே பேனாவைப் பிடித்தேன். நாலாவதோடு நின்றவன் எழுத்துதான், ஆனால் டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிற உனக்கு இது பெரிதா!

முகநூலில் நீ போட்ட படத்துக்காக ஆஸ்பத்திரியில் உன் டாக்டர் பயிற்சியை நிறுத்திவைத்ததை உன் அப்பா சொன்னார். ஊரில் நான் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். உன்னை மேற்படிப்புக்குச் சிங்கப்பூரில் கூப்பிட்டுவிட்டார்கள், பெரிய டாக்டரே பெட்டியைத் தூக்கிவந்து விமானம் ஏற்றினார் என்று. மீன்காரி பாசிங், "யோவ் டோல்போ, உன் பேச்சுல பாதியக் கழிச்சுட்டுத்தான் கேப்பேன். இன்னிக்கு மீதியும் தேறல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நீ கெட்ட எண்ணத்தில் அந்தப் படத்தைப் போடவில்லை. முகமில்லை, பெயரில்லை. உன் கைக்குள் ஒரு வயதான கை, கீழே 'நான் வழியனுப்பிய முதல் உயிர்' என்று ஒரு வரி. நான் ஓட்டும் ஜீப்னி வண்டியில் ஏறினவர்களுக்கெல்லாம் காட்டினேன். உன் கையை மட்டும்தான் பார்த்தேன் மகளே. மற்றது நம் சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்ற சேலா அக்காவின் கை என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் மகன் எல்மர் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வரும்வரை அம்மா இறந்ததை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். நடுக்கடலில் அவன் யார் தோளில் சாய்ந்து அழுவான்? அதற்குள் படம் அவன் கண்ணில் பட்டுவிட்டது. கட்டைவிரலடியில் எண்ணெய் தெறித்த தழும்பு அவனுக்குத் தெரியாதா? வீட்டைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட குடு" என்றானாம். தங்கை நீடா, "தூங்குறாங்கண்ணே" என்றாளாம். அவன் போனை வைத்துவிட்டான்.

நேற்று வந்து சேர்ந்தான். அடக்கம் முடிந்துவிட்டது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். திட்டவில்லை. காபி கொடுத்தான். "மாமா, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? பயந்தாங்களா? என்னைக் கேட்டாங்களா? உங்க பொண்ணுதானே பக்கத்துல இருந்துச்சு" என்றான்.

எனக்கா கதை சொல்லத் தெரியாது? "உன் பேரைத்தான் சொல்லிச் சொல்லி..." என்று ஆரம்பித்தும் விட்டேன். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே நம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பொய்யைப் பாதியில் விட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவுக்கான நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவன் கப்பலுக்குத் திரும்புகிறான். அதற்குள் வா. டாக்டராக வர வேண்டாம், மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டும் வர வேண்டாம். அவன் கத்தினால் நான் பக்கத்தில் நிற்கிறேன். அக்கா என்ன சொன்னாரோ அதைச் சொல். ஒன்றுமே சொல்லாமல் போயிருந்தால், அதையும் அவனிடம் சொல்லிவிடு.

மாதா உன்னோடு பேருந்தில் ஏறி, உன்னை எல்மர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் சித்தப்பா,
டோல்போ