குசினிச் சுவர்

ஜனவரி 16, வியாழன்

எங்கள் கட்டடத்தைத் திருத்தப்போகும் ஸ்பானியக் கட்டடக் கலைஞர்கள் இருவரும் இன்று குடியிருப்பவர்களின் கூட்டத்துக்கு வந்தார்கள். நூரியா, ஹவியெர். பார்சிலோனாவில் இருபது வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்களாம். எதையும் இடித்துக் கட்டமாட்டார்கள். ஆட்கள் குடியிருக்கும்போதே திருத்துவார்கள். அட்டையில் செய்த வீட்டுக்குள் ஃபோன் வெளிச்சத்தை அடித்து, சமைக்கும் குசினிக்கும் மெத்தை போட்ட சலோனுக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்தால் வெயில் எதுவரை வரும் என்று காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு நான்தான் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தேன். மூன்றாம் மாடி அற்புதமலர் அன்ரி என் காதுக்குள், "விசரே இவைக்கு? மீன் பொரிச்சால் மெத்தையெல்லாம் மணக்கும். வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

நான் பிரெஞ்சில் சொன்னது: "மிகவும் அழகு என்கிறார். நன்றி."

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 17, வெள்ளி

வந்தவர்களின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுதான். ஆனால் என் மகன் தனூஜனுக்கு இரண்டு வயது, மூச்சு இழுப்பு வேறு. குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தாளிக்கிறேன். சுவரே இல்லாவிட்டால்?

ஜனவரி 21, செவ்வாய்

கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. குடியிருப்பவர்களின் விருப்பப்படி சுவர்கள் மார்ச்சில் எடுக்கப்படுமாம். ஆருடைய விருப்பம்? நான்தானே சொன்னனான்!

என் கணவர் ஸ்ரீபன் வாசித்துவிட்டு, "நீர் படிச்ச ஆள் எண்டுதானே எல்லாரும் உம்மை நம்பினவை" என்றார். பகிடியாகத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 22

நூரியாவுக்கு மூன்று தரம் எழுதி அழித்தேன். கடைசியில் ஒரே வரி: சனிக்கிழமை மிளகாய்த்தூளுக்கு வறுக்கிறேன், இருவரும் வந்து பாருங்கள்.

ஜனவரி 25, சனி

தனூஜனை ஸ்ரீபன் சார்செலில் மச்சாள் வீட்டுக்குக் கொண்டுபோனார். குசினிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அரைக் கிலோ செத்தல் மிளகாய்.

இரண்டு நிமிடம்தான். ஹவியெர் இருமிக்கொண்டு ஜன்னலடிக்கு ஓடினார். நூரியா கண்ணைத் துடைத்தபடி, "இது அடிக்கடி நடக்குமா?" என்றார்.

"வறுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தாளிப்பது ஒவ்வொரு நாளும். என் பிள்ளைக்கு இழுப்பு."

"கூட்டத்தில் அந்த அம்மா அழகு என்றாரே?"

"அவர் வேண்டாம் என்றார். அழகு என்று சொன்னது நான்."

நூரியா திரும்பிச் சுவரடிக்குப் போனார். கோபமோ? பிறகு, "நாங்களும் ஒரு நாளாவது சமைக்கும் நேரம் பார்த்து வந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரை அளக்கத் தொடங்கினார். ஹவியெர் தலையை இன்னும் வெளியிலேயே வைத்திருந்தார் — பாவம்.

பெப்ரவரி 13, வியாழன்

இரண்டாவது கூட்டம். சுவர் நிற்கும். மேற்பாதி மட்டும் கண்ணாடி. கதவை இறுக்கிச் சாத்தலாம். தனூஜன் என் மடியில் நித்திரை.

அற்புதமலர் அன்ரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு கண்ணாடியையும் ஆர் துடைக்கிறது? இவையின்ரை அம்மாவோ வந்து துடைப்பா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியே பிரெஞ்சில் சொன்னேன், அம்மாவையும் விடாமல்.