ஒரு தாய் வயிற்று எலிகள்

மார்ச் 4

ஆய்வகக் கூட்டத்தில் இன்றும் சின்னவனுக்குக் கைதட்டல். என்னிடம் ஆராய்ச்சி படிக்க வந்தபோது எலியைத் தூக்கவே பயந்தவன். இப்போது எங்கள் ஆய்வகத்தின் தலைவன். அவன் சொல்வது இது: செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் ஒரு புரதம் இல்லாத எலிகளில், சண்டை போடும் நோய் எதிர்ப்பு அணுக்கள் வளர்கின்றன, அவற்றை அடக்கிவைக்கும் அணுக்கள் முதிர்வதில்லை. குடல் வீங்கிப் புண்ணாகிறது.

எழுந்து கேட்டேன். "புரதம் இல்லாத எலி ஒரு ரூம்ல, சாதா எலி வேற ரூம்ல வளந்திருக்கு. குடல்ல இருக்கற கிருமியே வேற வேறயா இருக்குமே. வீக்கம் அதனால வரலன்னு எப்படிச் சொல்ற?"

சிரித்தான். "நல்ல கேள்வி சார். நீங்களே செஞ்சு பாத்துடுங்களேன்."

நீங்களே! எடுபிடிக்குச் சொல்வதுபோல.

மார்ச் 5

செய்கிறேன். நான் முடிக்கும்வரை அவன் கட்டுரை வெளியே போகாது. அதுவே போதும்.

மார்ச் 11

அந்தப் புரதத்துக்கான மரபணு இரண்டு பிரதிக்குப் பதில் ஒன்று மட்டும் உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டேன். ஒரே ஈற்றில் புரதம் உள்ள குட்டியும் பிறக்கும், இல்லாததும் பிறக்கும். ஒரே தாய், ஒரே கூண்டு. எலிகள் ஒன்றன் புழுக்கையை இன்னொன்று தின்னும், கிருமியும் ஒன்றாகிவிடும். அப்புறம் எல்லாவற்றுக்கும் வீங்கினாலும் சரி, எதற்குமே வீங்காவிட்டாலும் சரி, சின்னவன் தொலைந்தான்.

ஏப்ரல் 2

எலி குட்டிகள் போட்டிருக்கிறது.

மே 20

தினமும் எடை பார்க்கப் போகிறேன். "நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீங்க இப்படி ஓடினதில்ல" என்கிறாள் மனைவி. எந்தக் குட்டி எந்த வகை என்று என்னிடம் சொல்லக் கூடாதென்று மரபணுச் சோதனை செய்யும் உதவியாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. மனதுக்குள் அவன் கட்டுரையைக் கிழித்தாயிற்று.

ஜூன் 17

சில எலிகள் இளைக்கின்றன. கழிச்சல். கிருமி பரவ ஆரம்பித்திருக்கும், மற்றவற்றுக்கும் வரும். வரணும். வந்தே ஆகணும் —

எலிக்கு நோய் வரட்டும் என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேனா?

ஜூலை 9

வரவில்லை.

இன்று குடல்களைத் திறந்து பார்த்தேன். இளைத்தவற்றின் பெருங்குடல் தடித்துக் குறுகியிருந்தது. அதே கூண்டில் அதே புழுக்கையைத் தின்ற உடன்பிறப்புகளுக்கு வழவழவென்று இருந்தது. அடக்கும் அணுக்களைத் தேடினேன். நோயுற்றவற்றில் கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பிறகுதான் எது எந்த வகை என்று கேட்டேன். இளைத்தவை அத்தனையும் புரதம் இல்லாதவை. மற்றவற்றில் ஒன்றுகூட நோயில் விழவில்லை. ஒன்றாவது விழுந்திருக்கக் கூடாதா?

அவன் சோதனையில் ஓட்டை இருந்தது, நிஜம். அதை அடைத்துக் கொடுத்த கொத்தனார் நான்.

ஜூலை 10

கூட்டத்தில் குடல் படங்களைக் காட்டினேன். சின்னவன் எழுந்து எல்லார் முன்னாலும் சொன்னான்: "சார் அன்னிக்கு கேக்கலன்னா நம்ம மானம் போயிருக்கும்."

கிண்டலாக இருந்திருந்தால் தேவலை. இல்லை.

வீட்டில் மனைவி: "தோத்துட்டீங்களா?"

"அவன் ஜெயிச்சுட்டான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இந்த வீட்டில் யாரிடம் பேசுவது.

ஜூலை 22

வீக்கம் வந்த பிறகு அந்தப் புரதத்தைத் திருப்பிக் கொடுத்தால் அடக்கும் அணுக்கள் முதிருமா? குடல் ஆறுமா? கட்டுரையில் இந்தக் கேள்வியே இல்லை. தலைவனுக்குத் தோன்றவில்லை, தோன்றாது.

காலையில் அவன் கதவைத் தட்டினேன். இதுவரை தட்டியதில்லை, திறந்துகொண்டு போவதுதான் வழக்கம். கேள்வியைச் சொன்னேன். அவன் மறுப்பான், அப்போது என்னென்ன சொல்லலாம் என்று வரிவரியாக யோசித்து வைத்திருந்தேன்.

"எத்தன கூண்டு வேணும் சார்?" என்றான்.

நாலு என்றேன்.