ஐந்தாவது டயர்

18.09.2007, செவ்வாய்

கோடையில் மூன்று தரம் கல்தெனியவுக்கு எப்படியோ ஊர்ந்து போய் வந்தேன். இரண்டு மழை பெய்ததும் பாதையில் கல்லெல்லாம் எழும்பிவிட்டது. இன்று ஆற்றைக் கடக்கிற இடத்தில் என் வேகன் காரின் வயிறு மோதி, எஞ்சின் எண்ணெய் முழுக்கத் தண்ணீரில் போனது. ஐஸ் பெட்டியில் நூற்றிருபது எருமைகளுக்குத் தடுப்பு மருந்து. ஊர் இன்னும் நாலே கிலோமீற்றர். கடைசியில் ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

நாலு சில்லும் இழுக்கிற வண்டி என்று பெருமை பேசி வாங்கினேன். வயிறு தரையில் கிடந்தால் எது இழுத்து என்ன? கால்நடை அலுவலக ஜீப்பை வேறு வேலைக்கென்று கொண்டுபோய் எட்டு மாதம். கேட்டால், போகக்கூடிய ஊர்களுக்கு மட்டும் போங்கள் டொக்டர் என்கிறார்கள். நோய் அப்படி ஊர் பார்த்தா வருகிறது?

24.09, திங்கள்

கல்தெனிய சாலிஹ் பஸ் ஏறி வந்து அலுவலக வாசலில் நின்றார். அவருடைய பட்டியில் மூன்று எருமைகள். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஒரே நாளில் போய்விட்டன. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மிஸ்ஸுக்கு வர ஏலாம போச்சுன்னு தெரியும்" என்றார், அவ்வளவு மரியாதையாக.

ஏலாம போச்சாம். இனி யாரும் அதை என்னிடம் சொல்லக் கூடாது.

27.09, வியாழன்

பலாபத்வலையில் மக்கீன் நானாவின் கராஜ். ஜீப்புக்குப் போடுகிற பெரிய டயரை இதற்குப் போட முடியுமா என்று கேட்டேன். நோன்புக் களைப்போடு வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தார். போடலாமாம். ஆனால் உடம்பைத் தூக்க இரும்புக் கட்டை வைக்க வேண்டும், மட்கார்ட் விளிம்பை வெட்ட வேண்டும், உள்ளே உரசுகிற இடத்தைத் தட்டி மடக்க வேண்டும். றிம்மும் மாற்ற வேண்டும். முக்கியமாக நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று சின்னதாகப் போனால் கியர் பெட்டி உடைந்துவிடும்.

"அழகு போயிரும் மிஸ்" என்றார்.

போகட்டுமே. எனக்கே நாற்பத்தாறு.

29.09, சனி

வீட்டில் சண்டை. என் கணவர் நாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்தப் பாதையில எத்தனை ஆமிச் சாவடி. தமிழ் ஆளு, காட்டுக்குப் போற டயரு. ஏன் நாமளா போய்க் கண்ணுல படணும்?"

எண்பத்து மூன்று கலவரத்தின்போது அவர்கள் வீட்டு வாசலில் 'ஆறுமுகநாதன்' என்று பித்தளையில் பெயர்ப்பலகை இருந்தது. அதைப் பார்த்துத்தான் கும்பல் உள்ளே வந்தது என்பது அவர் நம்பிக்கை. அதற்குப் பிறகு குடியிருந்த எந்த வீட்டிலும் பெயர் மாட்டவில்லை. வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியிலும் மேசையின் மேல் பெயர் வைக்க மாட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பதுங்கிப் பதுங்கி நாம என்னத்தக் காப்பாத்தினோம் என்று கேட்டுவிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் டயர் போடத்தான் போகிறேன்.

06.10, சனி

தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் நிற்கிற பக்கம் பழைய டயர்க் கடைகள். ஏழு கடை ஏறி இறங்கி, ஒரே அளவில் நாலு கிடைத்தன. ஸ்பெயாருக்கு ஐந்தாவது இல்லை. நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை வாங்க என்கிறார்கள். எனக்கு நாளை இல்லை.

10.10, புதன்

வண்டி வந்துவிட்டது! முன்பு ஏறி உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி. இன்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மட்கார்ட் வெட்டு அசிங்கமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

மக்கீன் நானா இரண்டு விஷயம் சொன்னார். பின்னால் கிடக்கிற ஸ்பெயார் டயர் பழைய சின்னது, பஞ்சரானால் அதைப் பூட்டி ஓடக் கூடாது, நின்றுவிட வேண்டும். அடுத்தது, பெரிய சில்லு ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், அதனால் மீற்றர் இனிக் குறைத்துக் காட்டும். என் வயதையும் அப்படிக் குறைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டுச் சிரித்தேன். சிரித்ததோடு மறந்தும் போனேன்.

17.10, புதன்

நேற்று எழுதக் கை வரவில்லை.

போனேன். ஆற்றில் இறங்கி, கல்லின் மேல் ஏறி, ஒரு தட்டுக்கூட இல்லாமல் அக்கரை போனேன். நூற்றுப் பன்னிரண்டு எருமைகளுக்கு ஊசி போட்டாயிற்று. சாலிஹ் மட்கார்ட் வெட்டைத் தடவிப் பார்த்து, இது மாடு கடித்ததா என்று கேட்டார். ஊருக்கு மேலே இருக்கிற மேல்பட்டி எருமைகள் மட்டும் பாக்கி.

திரும்பும்போது மலையடிச் சாவடி. அங்கே ஒரு தடித்த புத்தகம் உண்டு. போகும்போதும் வரும்போதும் வண்டி இலக்கம், பெயர், மீற்றர் எல்லாம் எழுதுவார்கள். கோடையில் நான் போய்வந்த மூன்று தரமும் சாவடியிலிருந்து சாவடிக்கு ஐம்பத்தெட்டுக் கிலோமீற்றர். நேற்று ஐம்பது.

அதிகாரி சின்ன வயது. சிங்களத்தில், சத்தம் போடாமல் கேட்டார்: "எட்டுக் கிலோமீற்றர் குறையுது. நீங்க அந்த ஊருக்குப் போகல. பாதி வழியில காட்டுக்குள்ள யாரைப் பார்த்து மருந்து குடுத்தீங்க?"

எனக்கு உண்மையாகவே தெரியவில்லை, எங்கே போனது அந்த எட்டு? வெற்று மருந்துக் குப்பிகளையும் ஊசிகளையும் மேசையில் பரப்பி எண்ணினார்கள். நாலு மணித்தியாலம். வீட்டுக்கு ஆள் அனுப்பி நாதனை வரவழைத்தார்கள். அவர் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில்தான் மக்கீன் நானா சொன்னது ஞாபகம் வந்தது.

வாங்க, வண்டியில ஏறுங்க, ரோட்டுல கிலோமீற்றர் கல் இருக்கே, நீங்களே எண்ணுங்க என்றேன் அதிகாரியிடம். ஏறினார். ஒவ்வொரு கல்லாக எண்ணினார். பத்துக் கல்லுக்கு மீற்றர் எட்டரைக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. நம்பவில்லை. திரும்பி வரும்போதும் எண்ணினார். அதே எட்டரை.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். மன்னிப்பு இல்லை.

"நான் இனியும் இதுலதான் வருவேன்" என்றேன். "நீங்க கூட்டி எழுதிக்கங்க."

20.10, சனி

நாதன் இன்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார், கழற்றிடலாமா என்று. மாட்டேன் என்றேன். மேல்பட்டி முடியும் வரைக்குமாவது என்று சொல்ல வந்து, அதையும் சொல்லவில்லை. முடிந்தாலும் கழற்ற மாட்டேன்.

30.10, செவ்வாய்

மழை. பாதி மேல்பட்டி. சாவடியில் தாமதமில்லை.

06.11, செவ்வாய்

இன்று பஞ்சர். ஆற்றுக்கு இப்பால், ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில். பின்னால் சின்ன டயர் என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது, பூட்ட வழியில்லை. ஒரு தபால்காரர் சைக்கிளில் போய் ரத்தோட்டையிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற ஆளை அனுப்பும்வரை ஐந்து மணித்தியாலம் மழையில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். யாரும் இல்லையே, அழலாம்தானே.

வீட்டுக்கு வந்தால் நாதன் கேற்றடியில் நனைந்துகொண்டு நிற்கிறார். பிடிச்சிட்டாங்கன்னு நினைச்சேன் என்றார். பஞ்சர் என்றேன். திரும்பிச் சொன்னார், "பஞ்சரா." எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்த மாதிரி இருந்தது.

07.11, புதன்

காலையில் அவர் வண்டிச் சில்லின் பக்கம் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

13.11, செவ்வாய்

சாவடியில் இன்று புதிய பையன். மீற்றரைப் பார்த்து எழுதிவிட்டு, புத்தகத்தின் முன் அட்டையில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தான். என் வண்டி இலக்கம், பக்கத்தில் 'எட்டுக் கூட்டவும்'. கூட்டினான். விட்டான்.

17.11, சனி

நாதன் விடியவே வெளிக்கிட்டுப் போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. கச்சேரி லீவு. எங்கே போயிருப்பார் என்று மூன்று தரம் கேற்றடிக்குப் போய்ப் பார்த்தேன்.

மூன்றரை மணிக்கு எதிர்க் கடை ஜைனுதீன் கூப்பிட்டார், "மிஸ், வெளிய வந்து பாருங்க, ஐயா வாறாரு."

பஸ் ஸ்டாண்டிலிருந்து பிரதான வீதி வழியாக, சனிக்கிழமைச் சனம் அத்தனையும் பார்க்க, பெரிய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. தம்புள்ளையில் பதினோராவது கடையில் கிடைத்ததாம். அதே அளவு.

வழியில் நிப்பாட்டினார்களா என்று கேட்டேன்.

"ரெண்டு இடத்துல. யாருக்குன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"டொக்டர் அருந்ததி ஆறுமுகநாதனோட வண்டிக்குன்னு சொன்னேன். முழுப் பேரும் சொன்னேன்."

டயரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். சட்டையை ஊறப் போட்டிருக்கிறேன், கறை போகாது போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மேல்பட்டி.