சுட்டவர் கூண்டேறிய நாள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை நீதிமன்ற வராந்தாவில் யாரோ கமலா ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனை வந்ததும் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

விசாரணைக்கு வரும்போதெல்லாம் பழம் உரித்து, வாசலில் காவல் நிற்கும் கான்ஸ்டபிளுக்கும் நாலு சுளை நீட்டுவீர்கள். எனக்குப் பொறுக்காது.

"புள்ளையச் சுட்டவங்களுக்கா பழம் குடுக்கிறீங்க?"

"இவனா சுட்டான்? இவன் பாவம், காலையிலேர்ந்து நிக்கிறான். சுட்டது ஒருத்தன். அந்த ஒருத்தன் வந்து பதில் சொல்லணும். காக்கிச் சட்டை போட்டவனையெல்லாம் எதுக்குத் திட்டுறது?" அதோடு விட்டீர்களா? "நீயும் தின்னுடி. கிருத்திகை விரதத்துக்குப் பழம் ஆகுமா, இல்ல வடை மட்டும்தான் ஆகுமா?"

கான்ஸ்டபிளே சிரித்துவிட்டார்.

ஆட்டோ ஓட்டிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த உங்கள் மகன் டேவிட்டை, வேறு யாரையோ தேடி வந்த போலீஸ் சுட்டது. அவன் கத்தியோடு பாய்ந்தான் என்று கன்னடத்தில் அறிக்கை எழுதினார்கள். உங்களுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டு பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்தை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன். 'தற்காப்புக்காக' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள்.

"மறுபடி படி."

படித்தேன்.

"வெங்காயம் நறுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவான்டி அவன்."

எழுந்துபோய் அடுப்பில் பால் வைத்தீர்கள்.

முதல் வருட நினைவு ஜெபம் இப்போதும் கண்முன் நிற்கிறது. லிங்கராஜபுரத்தில் உங்கள் சின்ன ஹாலில் சபையார் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கடைசி வரிசையில் நெற்றி நிறைய விபூதியோடு பக்கத்து வீட்டுக்காரி நான். போதகர் கண்ணை மூடி, "விபத்தில் இறந்த எங்கள் சகோதரன் டேவிட்டுக்காக..." என்று தொடங்கினார். ஜெபத்தின் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் திறந்தீர்கள்.

"விபத்து இல்லீங்க ஐயா. சுட்டாங்க. கர்த்தர்கிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க."

போதகர் கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தார். பிறகு மறுபடி மூடி, முதலிலிருந்து ஜெபித்தார், நீங்கள் சொன்னபடியே. நான் முருகனைக் கும்பிடுகிறவள். அன்றைக்கு உங்கள் ஆமெனுக்கு என் குரல்தான் பெரிதாகக் கேட்டதாம், கேலி செய்தீர்கள்.

சுட்டவரைத் தூக்கில் போட வேண்டும் என்று நீங்கள் கேட்டதே இல்லை. "எதுக்குச் சுட்டேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லட்டும், அது போதும்" என்பீர்கள். வாய்தா மேல் வாய்தா. அவர் வரவில்லை, உங்கள் மூச்சிரைப்பு காத்திருக்கவில்லை. உங்களுக்குப் பிறகும் நான் போய் உட்கார்ந்தேன். வீட்டு வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனால்கூட எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்கு அவர் வந்தார், அக்கா. நரை விழுந்த, சாதாரண மனிதர். கூண்டில் ஏறியதும் பெஞ்சுகளைக் கண்ணால் துழாவினார். உங்களைத் தேடினார் என்றே எனக்குப் பட்டது.

நம் வக்கீலம்மா கேட்டார்: "அவர் கையில் கத்தி இருந்ததா?"

"இருக்கும் என்று நினைத்தேன்."

"நினைத்தது இருக்கட்டும். பார்த்தீர்களா?"

அவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

"கத்தியை நான் பார்க்கவில்லை."

இனி என்ன தீர்ப்போ, எப்போதோ, தெரியாது. அவர் கன்னடத்தில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, சொல் சிதறாமல் கல்லறைத் தோட்டத்தில் உங்களிடம் சேர்க்க வேண்டும் என்று பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், நான் மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிக் காலை மடக்கிக்கொண்டாள்.