ரோடு விழுங்கிய படிகள்

ஜூன் 4
கூட்டத்துக்கு வந்தவர்கள்: நகரசபைப் பொறியாளர் அம்மாள், அவருடைய எழுத்தர், எதிர்வீட்டுத் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், என் கொழுந்தன், நான். முப்பது வருட வெள்ளத் திட்டத்துக்கு ஆறே பேர். பெரிய வடிகால் முதலில் வரும் தெருக்களை வாசித்தார்கள். எங்கள் தெரு இல்லை. இருபத்தைந்து வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். காரணம், ‘தண்ணீர் குறைந்துவரும் தெரு’.

“குறையுதா? போன மழையில என் மெஷின் நீச்சல் பழகுச்சே” என்றார் தையல்காரர். சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. அந்த மழையில்தான், நடக்க முடியாத என் கணவரை நானும் கொழுந்தனும் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தோம்.

கொழுந்தன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஏன்?

ஜூன் 5
வீட்டை விற்கலாம் என்று இரண்டு வருடமாக நச்சரிப்பவன் அவன்தான். வடிகால் வராவிட்டால் நாங்கள் தானாக இறங்கி வருவோம் என்று கணக்குப் போட்டிருப்பானோ? பிரார்த்தனையிலும் மனம் அவனையே சுற்றியது. மன்னிப்புக் கேட்டேன் — கடவுளிடம். அவனிடம் இல்லை.

ஜூன் 8
கேட்டே விட்டேன். “ஆபீஸ்ல யாரையாவது பார்த்தீங்களா தம்பி?”

“என் பேச்சை என் பொண்டாட்டியே கேக்கறதில்ல அண்ணி. ஆபீஸ் கேக்குமா?”

கட்டிலிலிருந்து இவர் சிரித்தார். மழுப்புகிறான்.

ஜூன் 11
மேகம் கட்டியது. இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13
நகரசபை ஆபீசுக்குப் போனேன். எங்கள் தெருவின் கோப்பைக் காட்ட எழுத்தர் தயங்கினார். என்னவோ இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன்.

இருந்தது. கணக்கெடுப்புத் தாளில் ஒரு கேள்வி: வாசல்படிகளில் எத்தனை மூழ்கின? பதினாலு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் நான்கு. போன மழையில் இரண்டு. கீழே என் கையெழுத்து. இரண்டிலும்.

“நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க.”

நான்தான். பொய்யில்லையே? இருப்பதே இரண்டு படிதானே. கட்டியபோது ஐந்து. அந்த வெள்ளத்துக்குப் பிறகு, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டார்கள். மூன்று படி மண்ணுக்குள் போயிற்று. அன்று நான்கு மூழ்கியும் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது இரண்டு மூழ்கினால் கட்டில் நனைகிறது. தெரு முழுக்க இப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்போம். பருப்பைக்கூட அளந்து எழுதி வைப்பவள் நான், இது எப்படித் தோன்றாமல் போச்சு?

ஜூன் 14
கொழுந்தனிடம் எல்லாம் சொன்னேன், சந்தேகப்பட்டதையும்.

“தெரியும் அண்ணி. பத்து நாளா எனக்கு காப்பி ஆறித்தான் வருது.”

“பின்ன ஏன் அன்னைக்கு வாயே திறக்கல?”

“பல்வலி.”

கடப்பாரையோடு வந்து வாசலில் தோண்டினான். மூன்றும் கிடைத்தன. பார்த்துவிட்டுத் தையல்காரரும் கடப்பாரை கேட்டார்.

ஜூன் 17
எழுத்தரை இன்னமும் நம்பவில்லை. மனுவைப் பொறியாளர் அம்மாள் கையிலேயே கொடுத்து முத்திரை வாங்கினேன். நகல்:

“அம்மா, படியை எண்ணி நான் எழுதிக் கொடுத்தது தப்பான அளவு. ரோட்டிலிருந்து எண்ணாமல், வீட்டுத் தரையிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். பதினோரு வீட்டு வாசலில் புதைந்த படிகளைத் தோண்டி, மூடாமல் வைத்திருக்கிறோம். என் கணவரால் நடக்க முடியாது. ஐப்பசி மழைக்கு நாலு மாதம்தான் இருக்கிறது. என்றைக்கு வந்து பார்ப்பீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.”