ஒரு வாய் கலங்கல் நீர்

3 மே

அன்புள்ள காந்தம்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பிள்ளைகள் நமக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோடை முடியும்வரை எல்லாரும் 'அமிலம்' என்றே கூப்பிடுவார்கள். அது உன் வாயால் வந்தால் போதும்.

இந்த ஆய்வு நிலையத்தைப் பார்த்தால் நம் பள்ளி ஆய்வுக்கூடத்தை நினைத்து எனக்கு அழுகை வருகிறதடி. மேசைக்கு ஒரு குழாய், மேசைக்கு ஒரு விளக்கு. அறிவியல் ஆசிரியர்களை விடுமுறையில் வரவழைத்து நிஜ ஆராய்ச்சியில் உட்காரவைப்பது இவர்களுக்கும் இதுதான் முதல் தடவை. என்னைக் குடிநீர்ப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். டைபாய்டு கிருமி எந்தத் தண்ணீரில் எவ்வளவு காலம் பிழைத்துக் கிடக்கிறது என்று பார்க்கும் வேலை. வேதியியல்காரிக்குக் கிருமியோடு என்ன சகவாசம் என்று கேட்காதே, எனக்கே உள்ளுக்குள் உதறல்தான். பிரிவுக்குத் தலைவி ஒரு அம்மாள். எல்லாரும் 'பெரிய டாக்டர்' என்கிறார்கள். சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை.

அதற்கும் சேர்த்து என் அறைத்தோழி சிரிக்கிறாள். வேறொரு பள்ளியின் உயிரியல் டீச்சர். செருப்பு அறுந்தால்கூடச் சிரிப்பு. விடுதியில் சமையலுக்கு ஆள் இல்லை, நாங்கள் எட்டுப் பேரும் முறை வைத்துச் சமைக்கிறோம். அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது. அதனால் அவள் முறையும் எனக்கு, பாத்திரம் எல்லாம் அவளுக்கு என்று ஒப்பந்தம்.

போன் அலுவலகத்தில் ஒன்றுதான். பேசினால் எழுத்தரும் காவலாளியும் சேர்ந்து கேட்பார்கள். அதனால் கடிதம்தான். உடனே எழுது.

உன் அமிலம்

7 மே

அடியே அமிலம்,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், தூக்கம் வருகிறதா, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரி இல்லை. குழாயையும் விளக்கையும் எண்ணத் தெரிகிறது.

நேற்று தலைமையாசிரியரைக் கடைத்தெருவில் பிடித்தேன். அடுத்த கோடைக்கு என்னை அனுப்புவதாகச் சொன்னதை நினைவுபடுத்தினேன். உன்னைப் பற்றி நல்லபடியாக அறிக்கை வந்தால் அனுப்புவாராம், ஏதாவது ஏடாகூடம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதாம். ஆகவே தாயே, அங்கே எதையும் உடைத்து வைக்காதே. என் வீட்டில் எல்லாருக்கும் விடுமுறை, எனக்கு மட்டும் மூன்று வேளையும் அடுப்பு. ஆறு வாரம் தனியாக, காந்தமும் கம்பிச்சுருளுமாக நிம்மதியாக இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும்.

காந்தம்

10 மே

காந்தம்,

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. என்மேல் சத்தியம்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கிருமி வளர்த்த சத்துநீரை அளந்து வேறு சோதனைக்குழாய்களுக்கு மாற்றும் வேலை எனக்கு மிச்சம் இருந்தது. பிப்பெட் குழலின் தலையில் ரப்பர் பல்பை மாட்டி அமுக்கித்தான் இழுக்க வேண்டும் என்று முதல் நாளே செய்து காட்டினார்கள். அந்தப் பல்பு எனக்கு வசப்படவே இல்லை. நமக்குத்தான் வேறு பழக்கமாயிற்றே. இத்தனை வருஷம் வாயால் உறிஞ்சி, குறி வந்ததும் விரலால் அடைத்து, 'கண்ணு குறியில இருக்கணும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே வந்தவள் நான். கை தானாகப் போய்விட்டது. மாலை எட்டுப் பேருக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிப்பெட்டின் நுனி நீரைவிட்டு மேலே வந்ததைக் கவனிக்கவில்லை. சர்ரென்று வாய்க்குள் ஏறிவிட்டது.

துப்பினேன், கொப்பளித்தேன், மருந்து ஊற்றி வாயைத் தேய்த்தேன். ஆனால் கொஞ்சம் இறங்கிவிட்டது, காந்தம். தொண்டைக்குத் தெரியாதா? கலங்கலாக, உப்புக் கரித்துக்கொண்டு இறங்கியது.

பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, மற்றவர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். பெரிய டாக்டர் வந்தபோது எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. பள்ளி டீச்சர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று இங்கே சிலர் முதலிலிருந்தே முணுமுணுக்கிறார்கள். சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். உன் முறையும் என்னோடு போய்விடும். காய்ச்சல் வருவதாக இருந்தால் ஒரு வாரத்துக்குமேல் ஆகுமாம். நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது.

அமிலம்

13 மே

அமிலம்,

கடிதம் கிடைத்த நிமிடமே எழுதுகிறேன். போய்ச் சொல். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. என் முறையைத் தூக்கிக் குப்பையில் போடு. நீ செத்துப்போய் நான் அங்கே வந்து காந்தத்தை வைத்து என்ன செய்யப்போகிறேன்?

எனக்குக் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நீ எட்டுப் பேருக்குச் சமைக்கிறாய் என்பது தெரியும். அதை நீ யோசித்தாயா? உன்னைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறாய்.

சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

காந்தம்

23 மே

அன்புள்ள காந்தம்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, நேற்று இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டாமா?

சொல்ல மூன்று தடவை போனேன். பெரிய டாக்டரின் கதவு வரை போய், சாம்பிள் புட்டி வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போது சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அதற்கு நான் எங்கே போவேன்? நாளாக நாளாகப் பயம் குறையும் என்று நினைத்தேன், வளர்கிறது.

சமையலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எல்லாம் செய்கிறேன். திடீரென்று சமைக்கமாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று தினமும் வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறேன். அறைத்தோழிதான் பாதியைத் தின்கிறாள். அவளுக்கு மட்டும் முந்தாநாளிலிருந்து தலைவலி, லேசாக உடம்பு சுடுகிறது. வெயிலில் அலைந்ததுதான் என்கிறாள். வெயிலாகத்தான் இருக்கும், இல்லையா?

இருக்கும் என்று எழுது.

அமிலம்

26 மே

அமிலம்,

வெயில் இல்லை. உனக்கே தெரியும்.

நேற்று சாயங்காலம் உன் கடிதத்தைப் படித்தபோது தபால் நிலையம் மூடியாயிற்று. காலையில் தபால் நிலையத்துக்குப் போய் உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். பிப்பெட், வெள்ளரிக்காய், தலைவலி, எல்லாம்.

நீ போட்ட சத்தியத்தை மீறிவிட்டேன். திட்டு, பேசாமல் இரு, என்ன வேண்டுமானாலும் செய். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகி, எனக்குத் தெரிந்தும் சும்மா இருந்தேன் என்றால் நான் எப்படிப் பிள்ளைகள் முன்னால் நிற்பேன்? போனை வைத்துவிட்டுத் தெருவிலேயே அழுதேன். உன்னை நினைத்தும் அழுதேன்.

காந்தம்

4 ஜூன்

காந்தம்,

ஆஸ்பத்திரித் தனியறையில் இருந்து எழுதுகிறேன். சோதித்துப் பார்த்ததில் கிருமி என் வயிற்றில் குடியிருக்கிறது. எனக்கு ஒரு நாள்கூட உடம்பு சுடவில்லை. என் கைவழியே அறைத்தோழிக்குப் போயிருக்கிறது. மற்றவர்கள் தப்பித்தார்கள்.

இருபத்தாறாம் தேதி நடந்ததை எழுதுகிறேன். அன்று விடியற்காலையில் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யார் நீங்க என்று கேட்டாள். சிரிக்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று, ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அதைத் தொடங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் சோதனைக்குழாயில் இருக்கும் கிருமிக்கு அந்த மருந்து கேட்காது. பெயர்ச்சீட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, நான் தினம் பார்க்கிறேன். நேரே அலுவலகத்துக்கு நடந்தேன். புட்டி கேட்கப் போகவில்லை, காந்தம். சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்தபோது பெரிய டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உக்காருங்க. உங்க தோழிதான் பேசறாங்க" என்றார்.

நீ சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம், நானும் இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட ஆரம்பித்தார். மருந்தை மாற்றினார்கள். குடல் ஓட்டையாகிற கட்டத்துக்கு வந்துவிட்டாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று நேற்றுத்தான் சொன்னார்கள். அவள் வீட்டார் என்னைப் பார்க்க விரும்பவில்லை.

அடுத்த வருஷம் ஆசிரியர்களைக் கூப்பிடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். உன் ஆறு வாரத்தை நான் தின்றுவிட்டேன்.

நீ போன் செய்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இனி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று நான் சொல்லத்தான் போனேன். நீயாவது நம்புகிறாயா?

அமிலம்

10 ஜூன்

அமிலம்,

நம்புகிறேன் என்று எழுதி இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். அதனால்தான் தாமதம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, உன் முகத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. உன்னிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை, இதில் சொல்லவும் மனசு ஒப்பவில்லை. ஆனால் உன்னை விட்டுவிடவும் முடியவில்லை.

எந்த நாள் விடுவார்கள் என்று எழுது. பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். வழியில் எதுவும் பேச வேண்டாம். என்றைக்காவது நம்பினால் நானே வந்து சொல்கிறேன். நீயாகக் கேட்காதே.

காந்தம்